கொக்கிப்புழு கற்பித்த பாடம்

வயல் வேலைக்கு வந்த ஆள் நண்பகலுக்கு முன்பே களைத்து வரப்பில் அமர்ந்துவிட்டால், அவனைச் சோம்பேறி என்று ஏசுவது எளிது. பள்ளிப் பிள்ளை வகுப்பில் உறங்கி வழிந்தால், மந்தபுத்தி என்று ஒதுக்கிவிடுவதும் எளிது. ஆனால் அவர்களுடைய கீழிமையைச் சற்றே விலக்கிப் பார்த்தால், சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருப்பதைப் பல வேளைகளில் காணலாம். குறைவாக இருப்பது ஊக்கமன்று, இரத்தம். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் கிராமத்து மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது கொக்கிப்புழு.

இப்புழுவை எதிர்த்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்கள் நூறாண்டுகளுக்கு முன் நடத்திய போராட்டம், ஊராட்சிப் பணியில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும். அங்கே ஓரளவு வெற்றியும் கிடைத்தது. ஒரு குறையும் எஞ்சியது. இரண்டும் நமக்குப் பாடமாகும்.

புழு உடலை அடையும் வழி

கொக்கிப்புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ளது. சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. இதன் இரு இனங்களுள் அமெரிக்கத் தென் மாநிலங்களில் பரவியிருந்த இனத்தின் ஒரு புழு, நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் அளவு இரத்தம் இழக்கச் செய்யும். அற்பமே எனத் தோன்றும். ஆனால் நூறு புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்திற்கு 90 மில்லிலிட்டர் இரத்தம் வீணாகும். வயிறார உண்ணாத ஏழைக்கு இந்த இழப்பை ஈடுசெய்யும் வழியில்லை.

புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் அவை ஓரிரு நாட்களில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் இளம்புழுக்கள் மனிதரைத் தாக்கும் பருவத்தை அடையும். வெறுங்காலுடன் அவ்விடத்தை மிதிப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் சென்று தங்கும். புகுந்த இடத்தில் தோன்றும் அரிப்பைச் சேற்றுப்புண் என்றே பலரும் கருதிவிடுவர். தோலின் வழியே புழு புகும் இவ்வுண்மையைக் கெய்ரோ நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இளம்புழுக்கள் கலந்த நீர் தம் கைமீது தற்செயலாகச் சிந்தியதால் 1898ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

ஆகவே இந்நோயின் சங்கிலியில் மூன்று கண்ணிகள் உள்ளன: திறந்த வெளியில் விடப்படும் மலம், ஈர மண், வெறுங்கால். முதற் கண்ணியை அறுத்தால் மற்றிரண்டும் தாமே வலுவிழக்கும்.

தென் மாநிலங்களில் நடந்த பெருமுயற்சி

1902ஆம் ஆண்டில் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர், தென் மாநிலங்களின் ஏழை உழவர்களிடையே கொக்கிப்புழு பெருமளவில் பரவியுள்ளது என்று எடுத்துக் கூறினார். "சோம்பலின் கிருமி" கண்டுபிடிக்கப்பட்டது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. தங்களைப் பழிக்கிறார்கள் என்று அந்நாட்டுத் தென் பகுதி மக்களும் சினந்தனர். எனினும் 1909ஆம் ஆண்டில் ஜான் ராக்ஃபெல்லர் பத்து இலட்சம் டாலர் நன்கொடை அளிக்க, இந்நோயை ஒழிப்பதற்கென ஒரு சுகாதாரக் குழு அமைந்தது. பதினொரு மாநிலங்களில் 1914 வரை அது பணியாற்றியது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் புழு உள்ளவர்கள் என்பது அக்குழுவின் சோதனைகளால் தெரிய வந்தது.

அந்நாட்டில் மாநிலத்திற்கு அடுத்த ஆட்சிப் பிரிவு கவுண்டி எனப்படும். குழுவினர் கவுண்டிதோறும் குறித்த நாட்களில் இலவச மருத்துவ முகாம்கள் நடத்தினர். செலவில் ஒரு பகுதியைக் கவுண்டி நிர்வாகமே ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தினர். தம் பணம் செலவாகும்போதுதான் பணியில் உள்ளூராருக்கு உரிமை உணர்ச்சி பிறக்கும் என்பது அவர்கள் கருத்து. மக்கள் வண்டிகளில் வந்து குவிந்தனர். நுண்பெருக்கிக் கண்ணாடி வழியே புழுவைத் தம் கண்களாலேயே பார்த்தனர். தைமால் என்னும் மருந்தும் பேதியுப்பும் அளிக்கப்பட்டன. பல இலட்சம் மக்கள் சிகிச்சை பெற்றனர்.

இதன் பயனைப் பிற்காலத்துப் பொருளாதார ஆய்வொன்று அளந்து காட்டியுள்ளது. புழு மிகுந்திருந்த பகுதிகளில் முயற்சிக்குப் பின் பள்ளியில் சேர்ந்தவர் தொகையும், வருகையும், எழுத்தறிவும் ஏனைய பகுதிகளைவிட விரைந்து உயர்ந்தன என்று 2007ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு கூறுகிறது. மந்தபுத்தி என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் குறை, அறிவில் இருந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

மருந்து வென்றது, மண் வெல்லப்படவில்லை

ஆயினும் நோய் அடியோடு ஒழியவில்லை. மருந்து குடலிலுள்ள புழுவை வெளியேற்றியது. மண்ணிலுள்ள புழுவை அது தொடவில்லை. கழிப்பிடமே இல்லாத பண்ணை வீடுகள் ஏராளமாக இருந்தன. குணமடைந்தவர் வீடு திரும்பி, அதே மண்ணை வெறுங்காலுடன் மிதித்து, மீண்டும் நோயுற்றனர். முகாம் சில வாரங்களில் கலைந்துவிடும். கழிப்பிடம் கட்டுவிப்பதும், கட்டியதைக் கண்காணிப்பதும் ஆண்டு முழுவதும் நடைபெற வேண்டிய பணியாகும்.

இப்பணிக்கு ஊரிலேயே நிலைத்து நிற்கும் ஓர் அமைப்புத் தேவை. வட கரோலினாவின் கில்ஃபோர்டு கவுண்டியும் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா கவுண்டியும் 1911ஆம் ஆண்டிலும், முற்றிலும் கிராமப்புறமான ராப்சன் கவுண்டி 1912ஆம் ஆண்டிலும் முழுநேரச் சுகாதாரப் பணியை ஏற்படுத்தின. யாக்கிமாவில் அதற்குக் காரணமாக அமைந்தது குடற்காய்ச்சல். நாளடைவில் கவுண்டிச் சுகாதார வாரியம் கொள்கையை வகுத்து மேற்பார்வை செய்வதும், அதன் கீழ்ச் சுகாதார அதிகாரி, ஆய்வாளர், பொதுச் சுகாதாரச் செவிலி ஆகியோர் வீடு வீடாகச் சென்று பணியாற்றுவதும் பல இடங்களில் வழக்கமாயின.

இம்முறை கடல் கடந்தும் வந்தது. 1916ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்களிடையே, ராக்ஃபெல்லர் நிதியின் உதவியால் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் நிலையான சுகாதாரப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், சுகாதாரப் பொறுப்பில் உள்ளாட்சி மன்றங்களுக்கும் பங்கு உண்டு என்று வகுத்தது.

கரிசல் மண் தரும் எச்சரிக்கை

செல்வ நாடாகிய அமெரிக்காவில் இப்பிரச்சினை முற்றும் தீர்ந்துவிட்டது என எண்ணலாகாது. அலபாமா மாநிலத்தின் லவுண்டஸ் கவுண்டியில் பெரும்பகுதி நிலம், நம் கரிசலைப் போன்று நீரை எளிதில் உறிஞ்சாத களிமண். கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி மண்ணில் வடியவிடும் சாதாரண ஏற்பாடு அங்கே பயன்படுவதில்லை. அம்மண்ணுக்கேற்ற ஏற்பாட்டிற்கோ செலவு மிகுதி. ஆகவே ஏழை வீட்டார் பலர் கழிவுநீரைக் குழாய் வழியே கொல்லைப்புறத்தில் விட்டுவந்தனர். அங்கே 55 பேரைச் சோதித்ததில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் அடையாளம் காணப்பட்டதாக 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சோதிக்கப்பட்டவர் தொகை சிறிது. அதைக் கொண்டு கவுண்டி முழுவதையும் மதிப்பிடலாகாது. எனினும், மலம் மண்ணில் கிடக்கும் இடத்தில் புழுவுக்கு வழி திறந்தே உள்ளது என்பதற்கு அது போதிய எச்சரிக்கையாகும்.

கழிவுநீர் வசதி இல்லாதோரைத் தண்டிப்பதால் வசதி வந்துவிடாது என்பதும் அங்கே தெளிவாயிற்று. அத்தகைய தண்டனை நடவடிக்கைகளை நிறுத்தவும், நிலைமையைச் சீர்செய்யவும் 2023 மே மாதத்தில் மத்திய அரசுக்கும் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் 2025 ஏப்ரலில் அவ்வுடன்பாட்டை மத்திய அரசு முடிவுக்குக் கொண்டுவந்தது. மேலிடத்து ஏற்பாடுகள் வரும், போகும். மண்ணும் மக்களும் அங்கேயே இருப்பர். உள்ளூர் மன்றத்தின் பொறுப்பு இதனால் மேலும் கூடுகிறது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவது, மருந்தையும் மண்ணையும் பிரிக்கலாகாது. 2015 முதல் நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஒரு பிள்ளையும் விடுபடாதவாறு உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். அதே வாரத்தில் அப்பிள்ளைகளின் வீட்டுக் கழிப்பிடங்களையும் பார்வையிடுவது நன்று.

இரண்டாவது, கட்டிய கழிப்பிடங்களைக் கணக்கிடுவதோடு நில்லாமல், பயன்படுபவை எத்தனை என்று கணக்கிட வேண்டும். விறகும் வைக்கோலும் அடைத்து வைத்த கழிப்பிடம் கணக்கில் உண்டு, பயனில் இல்லை. தண்ணீர் இல்லாமையா, குழி நிரம்பியதா, கதவு உடைந்ததா எனக் காரணத்தைக் கேட்டறிந்து அதனைப் போக்க வேண்டும்.

மூன்றாவது, மண்ணுக்கேற்ற குழி அமைக்க வேண்டும். இரட்டைக் குழிக் கழிப்பிடத்தில் ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவர். மூடிய குழியை இரண்டு ஆண்டுகள் திறவாது விட்டால் உள்ளிருப்பது மக்கி, தீமையற்ற நல்ல எருவாகும். கரிசல் நிலத்தில் குழியைச் சுற்றி ஓரடி அகலத்திற்கு மணலோ சரளையோ இட வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்த இடங்களில் பொறியாளரைக் கலந்தே கட்ட வேண்டும்.

நான்காவது, மக்காத மலத்தையோ தொட்டிக் கழிவையோ வயலில் விடுதல் கூடாது. அந்த வயலில் நாற்று நடும் பெண்களே அதன் தீமையை முதலில் அடைவர்.

ஐந்தாவது, இயலாத வீட்டாரை ஏசுவதையும் அபராதம் விதிப்பதையும் விடுத்து, அரசு உதவி அவர்களுக்குக் கிட்டுமாறு மன்றமே முன்னின்று ஆவன செய்ய வேண்டும்.

மருந்து முகாம் ஒரு நாளில் முடியும். அதனைப் பாராட்டுவோர் பலர். கழிப்பிடக் குழியை எட்டிப் பார்க்கும் பணியைப் பாராட்டுவோர் சிலரே. ஆயினும் வரப்பில் களைத்து அமரும் உழவனையும், வகுப்பில் உறங்கும் பிள்ளையையும் நிலையாக எழுப்பி நிறுத்துவது அந்தப் பணிதான். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், நம் ஊரில் பயன்படாமல் கிடக்கும் கழிப்பிடங்கள் எத்தனை என்னும் கேள்வியை உறுப்பினர் ஒருவரேனும் எழுப்புவாராக.