துணி காயும் மைதானம்

கொச்சியின் பழைய பகுதி மட்டாஞ்சேரி. காயலை ஒட்டிய ஊர். இங்கே வீடுகள் நெருக்கமானவை. பல வீடுகளுக்கு முற்றம் இல்லை. ஒரு வீட்டுத் துணியைச் சன்னலில் காய வைக்கலாம். ஊர்த் துணியை எங்கே காய வைப்பது?

பக்கத்தில் போர்ட் கொச்சி. அங்கே ஒரு சலவைத் துறை உண்டு. 'தோபிகானா' என்பார்கள். இங்கே வேலை செய்பவர்கள் தமிழ் வண்ணார்கள். படைவீரர் உடைகளை வெளுக்க இவர்களின் முன்னோரை டச்சுக்காரர்கள் அழைத்து வந்தார்கள்.

முன்பு குளங்களில் துவைத்தார்கள். 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்தத் துறையைக் கட்டித் தந்தது. சுமார் 40 தடுப்புகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர்த் தொட்டி, துவைக்கும் கல். வண்ணார் சங்கம் இதைப் பார்த்துக்கொள்கிறது.

வெளியே திறந்த மைதானம். அதில் வரிசையாகக் கொடிகள். ஆனால் கிளிப் கிடையாது! எப்படி? இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டுகிறார்கள். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகுகிறார்கள். கடற்காற்று அடித்தாலும் துணி பறக்காது. செலவில்லாத நல்ல யோசனை.

ஜூன் மாதம் மழை தொடங்கும். துணி காய்ந்தால்தான் தேய்க்கலாம். தேய்த்துக் கொடுத்தால்தான் கூலி. அந்த மாதங்களில் ஒரு மணி நேர வெயிலும் இவர்களுக்குக் காசுதான்.