கடல் மீன்களின் ஆகாரமும் இனவிருத்தியும்

கடற்கரைக் கிராமங்களிலுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களில் படகுக் கடன், வலைக் கடன், ஐஸ் செலவு, ஏலத் தொகை ஆகிய யாவும் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கும். இவை அனைத்துக்கும் ஆதாரமான மீன், கடலில் எதைத் தின்று வளர்கிறது, எக்காலத்தில் சினை விடுகிறது என்னும் விவரம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இராது. விதைப்புக் காலமும் அறுவடைக் காலமும் அறியாத குடியானவனுக்குக் கடன் கொடுக்க எந்தச் சங்கமும் துணியாது. மீன்பிடி தொழிலில் அவ்வறிவு எத்துணை அவசியமென்பதை, மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் சிறு மீனின் சரித்திரமே நன்கு விளக்கும்.

மத்தி பெரும்பாலும் தாவர உணவையே கொள்வது. கடலின் மேல்நீரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் கோடிக்கணக்காக மிதக்கின்றன. மத்தியின் செவுள்களில் சீப்புப் பற்களைப்போல் மிக நெருக்கமான முட்கள் அமைந்துள்ளன. வாயைத் திறந்துகொண்டு நீந்தும்போது நீர் செவுள்வழியே வெளியேறிவிடப் பாசிகள் அச்சீப்பில் தங்கி இரையாகின்றன. குஞ்சுப் பருவத்தில் மாத்திரம் நுண்ணிய மிதவைப் பிராணிகளை அது அதிகமாக உட்கொள்ளும். வளர்ந்த மத்தியின் இரைப்பையைக் கீறிப் பார்த்தால், பச்சையும் பழுப்பும் கலந்த கூழ் போன்ற பொருளே காணப்படும். ஆகவே இம்மீனின் பெருக்கமும் குறைவும் கடற்பாசியின் விளைச்சலைப் பொறுத்தவை.

அவ்விளைச்சலுக்கு உரமிடுவது தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரையோரத்தில் அக்காற்று வீசும் மாதங்களில் மேல்நீர் கரையைவிட்டு விலகிச் செல்ல, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் அவ்விடத்துக்கு எழும்பி வருகிறது. இறந்த உயிர்களின் சத்துக்களெல்லாம் ஆழத்தில் தங்கியிருப்பவை. அவை வெயில் படும் மேல்நீருக்கு வந்தவுடன், எருவிட்ட நிலத்தில் பயிர் கிளம்புவதுபோல் பாசி செழிக்கிறது. இத்தருணத்திலேயே, அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரையில், மத்தி சினை விடுகின்றது. பொரிக்கும் குஞ்சுகளுக்கு இரை ஆயத்தமாக இருக்கவேண்டுமென்பதே இவ்வேற்பாட்டின் பொருள். மழையும் காற்றும் தவறிய ஆண்டில் குஞ்சுகள் பிழைப்பது அரிது.

ஒரு பெண் மத்தி சுமார் ஐம்பதினாயிரம் முட்டைகள் இடும். முட்டைகள் நீரில் மிதந்து, ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். தாய் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பதினாயிரம் என்னும் எண்ணைக் கேட்டு, கடலில் மீன் வற்றாது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது தவறான கணக்கு. அத்தனை முட்டைகளிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வளர்ந்து மறுபடி சினை விட்டால்தான் இனம் உள்ளவாறே நிற்கும். ஏனையவை மற்ற உயிர்களுக்கு இரையாகின்றன. வஞ்சிரம், சூரை, பாறை, சுறா முதலிய விலையுயர்ந்த மீன்களெல்லாம் மத்திக் கூட்டங்களைத் தொடர்ந்தே வருவன. மத்தியை அழிப்பது அவற்றின் பந்தியை அழிப்பதாகும்.

மழைக்காலம் கழிந்தபின் நன்றாக மேய்ந்த மத்தியின் உடலில் கொழுப்பு மிகும். இந்த எண்ணெயின் பொருட்டே அது முற்காலத்தில் பெயர் பெற்றது. சர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்பவரின் முயற்சியால் 1907-ல் சென்னை மாகாணத்தில் மீன் இலாகா ஏற்பட்டபின், மலையாளக் கரையில் தானூரில் எண்ணெய் எடுக்கும் முறை பரீட்சிக்கப்பட்டது. தொடர்ந்து நூற்றுக்கணக்கான சிறு எண்ணெய்ச் சாலைகள் கிளம்பின. எண்ணெய் நீங்கிய சக்கை தோட்டங்களுக்கு எருவாயிற்று. பின்னர் மீன் வரத்துக் குறையவே, 1943-ல் சென்னை அரசாங்கத்தார் சிலவகை வலைகளையும் சிறு மத்தி பிடிப்பதையும் தடுத்து விதி செய்தார்கள். விதியை நடத்திவைப்பது கஷ்டமாக இருந்தபடியால் சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. துறைதோறும் நின்று கண்காணிக்கக் கரையோரத்துச் சங்கங்கள் முன்வராத இடத்தில், சர்க்கார் விதி காகிதத்தில் நிற்பதே வழக்கம்.

அண்மைக் காலத்து அனுபவம் இன்னும் கடுமையானது. கேரளக் கரையில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் கிடைத்தது மூவாயிரத்துச் சொச்சம் டன்னே. கடல்நீரின் வெப்பம் மிகுந்தது, மழை மாறியது, பெருவலைகள் பெருகியது, குஞ்சு மீன்களைக் கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் வாரியெடுத்தது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வெப்பமும் மழையும் மனிதர் வசத்தில் இல்லாதவை. குஞ்சு பிடிப்பது முழுவதும் மனிதர் வசத்திலுள்ளது. கேரள அரசாங்கம் 2015-ல் 10 செ.மீ. நீளத்துக்குக் குறைந்த மத்தியையும், 14 செ.மீ.க்குக் குறைந்த அயிலையையும் பிடிக்கலாகாதென்று விதித்தது.

இவ்வளவு நீளம் ஏன் என்பதற்கும் கணக்குண்டு. மத்தி சுமார் 15 செ.மீ., அதாவது 6 அங்குலம் வளர்ந்த பின்னரே முதற் சினை கொள்ளும். ஆகவே 10 செ.மீ. என்பது மிகத் தாராளமான அளவேயன்றிக் கண்டிப்பான அளவன்று. மீனின் எடையோ நீளத்தைவிட வேகமாக ஏறுவது. 10 செ.மீ. மத்தி சுமார் 10 கிராம் இருக்கும்; 16 செ.மீ. ஆகும்போது 40 கிராம் இருக்கும். எனவே ஒரு டன் குஞ்சு என்பது சுமார் ஒரு லட்சம் மீன். அவற்றுள் பாதி இடையில் மடிந்தாலும், எஞ்சிய பாதி வளர்ந்தபின் 2 டன் தேறும். தீவனத்துக்கு விற்கும் விலைக்கும், மனிதர் உண்ணும் மீனின் விலைக்கும் உள்ள பேதத்தைச் சங்கத்தின் ஏலக் கணக்கே காட்டும்.

மத்திக்கு முற்றிலும் மாறான குணமுடையது கடற் கெளிறு. இது அடித்தரையில் நண்டு, இறால், புழு, சிப்பி ஆகியவற்றைத் தேடித் தின்பது. இதன் முட்டைகள் கோலிக்குண்டு போலப் பெரியவை; எண்ணிக்கையோ பெரும்பாலும் நூறைத் தாண்டாது. பெண் இட்ட முட்டைகளை ஆண் தன் வாயில் ஏந்திக்கொண்டு, அவை பொரித்துக் குஞ்சுகள் தாமே நீந்தும்வரை இரையெடாமல் பட்டினி கிடந்து காக்கும். தகப்பன் என்னும் பெயருக்கு இதைவிடத் தகுதியுடைய பிராணி கடலில் அரிது. 1980-ஆம் ஆண்டையொட்டிக் கர்நாடகக் கரையில் சுருக்கு வலைகள் இவ்வாறு முட்டை சுமந்த ஆண் கெளிறுகளைக் கூட்டங்கூட்டமாக வளைத்தன. வலையில் அகப்பட்ட மீன்கள் வாயைத் திறந்து முட்டைகளைக் கக்கிவிட்டன. படகின் தட்டு முழுவதும் முட்டைகளாகக் கிடந்து வீணாயின. அதன்பின் அக்கரையில் கெளிறு மிகவும் அருகிவிட்டது. மத்தி ஒரு நல்ல மழையில் மீண்டு வரக்கூடும். நூறு முட்டையிடும் மீனுக்கு அத்தகைய வசதி இல்லை. சில குட்டிகளையே ஈனும் சுறாக்களின் நிலையும் இதுவே.

வெள்ளை இறாலின் வழி வேறு. அது கடலில் முட்டையிடும். குஞ்சுகள் இரண்டு மூன்று வாரத்தில் முகத்துவாரங்களின் வழியே பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளுக்குள் புகும். அங்கே மக்கிய தழையையும் சிற்றுயிர்களையும் தின்று சில மாதம் வளர்ந்து, சினை கொள்வதற்காகக் கடலுக்குத் திரும்பும். கழியில் எவ்வளவு காலம் இருந்தாலும் அங்கே அது இனம் பெருக்காது. ஆகையால் மணல் திட்டால் முகத்துவாரம் அடைபடுமாயின் கழியில் தொழில் செய்வோரும் கடலில் தொழில் செய்வோரும் ஒருங்கே நஷ்டப்படுவர். இவ்விருசாராரின் சங்கங்களும் முகத்துவார விஷயத்தில் ஒரே மனுவாக எழுதிக்கொள்ள இக்காரணம் ஒன்றே போதும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001-ல் தொடங்கியபோது அது 45 நாளாக இருந்தது. மேற்குக் கரைக்கு இத்தடை ஜூன், ஜூலை மாதங்களில் விழுகிறது. மேலே கூறியவற்றை நோக்கினால், ஒரே காலம் எல்லா மீனுக்கும் பொருந்தாதென்பது தெளிவாகும். மத்தி செப்டம்பர் வரை சினை விடும். வேறு சில மீன்கள் ஆண்டில் பல முறை விடும். தடைக்காலம் கடலுக்கு ஓய்வு தருவது உண்மை. ஆனால் தடை நீங்கிய மறுநாள் சிறு கண்ணி வலைகளோடு குஞ்சுகளின்மேல் விழுந்தால், அந்த ஓய்வின் பயன் ஒரு வாரத்தில் கரைந்துவிடும்.

எந்த மீன் எப்போது சினை கொள்கிறதென்பதைத் தத்தம் துறையிலேயே அங்கத்தினர்கள் கண்டறியலாம். மாதம் இருமுறை, ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு முக்கிய மீனிலும் பத்தை எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் வரை அளந்து, வயிற்றைக் கீறிப் பார்க்கவேண்டும். சினைப்பை நூல்போல் மெலிந்திருந்தால் இளமீன். மஞ்சள் நிறமாய் முட்டைமணிகள் கண்ணுக்குத் தெரியுமானால் சினை முற்றிவருகிறது. ஆணாயின் பால்போன்ற வெண்பை காணப்படும். பை தளர்ந்து சிவந்து வெறுமையாயிருந்தால் முட்டையிட்டாயிற்று. நீளம், சினையின் நிலை, இரைப்பையில் கண்ட பொருள், தேதி, பிடித்த ஆழம் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிவர, சங்கத்தின் குமாஸ்தாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடியாது. இரண்டு வருஷத்துக் குறிப்பு சேர்ந்தவுடன், வலைக் கடன் கொடுக்கும்போது எந்தக் கண்ணி அளவுக்குக் கொடுப்பது, எந்த மாதத்தில் எந்த வலையை நிறுத்துவது என்பதைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.