ஸ்கேன் நார்மல் என்றால் தேடல் முடிந்துவிட்டதா?

வலிப்பு நோயாளி இருக்கும் பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு பெரிய உறை பத்திரமாக இருக்கும். உள்ளே சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படமும், ‘நார்மல்’ என்று முடியும் ஓர் அறிக்கையும் இருக்கும். மாத்திரைகளின் எண்ணிக்கை கூடியிருக்கும், வலிப்பு மட்டும் நின்றிருக்காது. அந்த ஒரு சொல்லோடு காத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை 1: மாத்திரையை மாற்றிக்கொண்டே வந்தால் ஒருநாள் நின்றுவிடும்.

உண்மை: பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே வலிப்பு அடங்கிவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அடங்குவதில்லை. கிளாஸ்கோவில் 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியான ஆய்வில், முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் மேலும் 13 சதவீதம் பேருக்கும் வலிப்பு நின்றது. மூன்றாவதாக வேறொரு மருந்தை மட்டும் கொடுத்தபோது நின்றது 1 சதவீதம் பேருக்கே. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், தவறாமல் சாப்பிட்டும் வலிப்பு தொடர்ந்தால், அது மூளையில் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை 2: எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் மூளையில் கோளாறு எதுவும் இல்லை.

உண்மை: எப்படி எடுத்த எம்.ஆர்.ஐ. என்பதுதான் முதல் கேள்வி. தலைவலிக்கும் தலைக்காயத்துக்கும் எடுக்கும் வழக்கமான படத்தில் ஒவ்வொரு துண்டும் சில மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும். வலிப்புக்கென்றே எடுக்கும்போது மூளையை 1 மில்லிமீட்டர் துல்லியத்தில் முப்பரிமாணமாகப் பதிவு செய்வார்கள். பொட்டு மடலுக்குள் கடல்குதிரை வடிவில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருப்பதும், பிறவியிலேயே மூளைப் புறணியின் ஒரு மடிப்பு சரியாக உருவாகாமல் போயிருப்பதும் இப்படிப் பார்த்தால்தான் பல நேரம் பிடிபடும். வலிப்பைப் பற்றி நன்கு தெரிந்த ஒருவர், எந்தப் பகுதியில் சந்தேகம் என்று அறிந்துகொண்டு பார்த்தால், பழைய படத்திலேயே கோளாறு தெரிந்துவிடுவதும் உண்டு.

நம்பிக்கை 3: படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அதுதான் காரணம்.

உண்மை: நம் நாட்டில் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி, இறந்து, சுண்ணாம்பு படிந்த புள்ளியாக நிற்பதைப் பரவலாகப் பார்க்கிறோம். அதனால் வலிப்பு வரலாம். ஆனால் அதே நோயாளிக்கு ஹிப்போகேம்பஸிலும் தழும்பு இருந்து, வலிப்பு அங்கிருந்தே கிளம்பிக்கொண்டிருக்கலாம். எது காரணம் என்பதை வலிப்பு வரும் நேரத்தில்தான் உறுதி செய்ய முடியும். அதற்காகத்தான் நோயாளியைச் சில நாட்கள் வார்டில் வைத்து, மூளையின் மின்அலைகளையும் உடல் அசைவுகளையும் வீடியோ ஈ.ஈ.ஜி.யில் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள்.

நம்பிக்கை 4: எம்.ஆர்.ஐ.யில் தெரியாததை வேறெதிலும் பார்க்க முடியாது.

உண்மை: எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டுகிறது. அதன் செயலைக் காட்ட வேறு ஸ்கேன்கள் இருக்கின்றன. புற்றுநோய்க்கு எடுக்கும் அதே பெட் ஸ்கேன், மூளையின் எந்தப் பகுதி குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். வலிப்பு இல்லாத நேரத்தில் அந்த இடம் மங்கித் தெரியும்.

ஸ்பெக்ட் ஸ்கேனுக்கு வேறு விதமான பொறுமை வேண்டும். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிக் கட்டிலருகே தயாராக வைத்துக் காத்திருப்பார்கள். வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் மருந்தைச் செலுத்திவிட வேண்டும். அந்தக் கணத்தில் எந்தப் பகுதிக்கு ரத்தம் அதிகம் பாய்கிறதோ அங்கே மருந்து படிந்து தங்கிவிடும். வலிப்பு நின்று, நோயாளி தெளிந்த பிறகு படமெடுத்தாலும் ஊசி போட்ட நேரத்து நிலையே தெரியும். ஊசி தாமதமானால் வலிப்பு பரவிய இடம் தெரியுமே தவிர, கிளம்பிய இடம் தெரியாது.

எம்.ஈ.ஜி. கருவி, பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு நலிந்த மூளையின் காந்த அலைகளைக் காந்தத்தடுப்பு அறைக்குள் அளக்கிறது. பெங்களூரு நிமான்ஸில் இந்த வசதி உண்டு.

இவற்றில் எந்த ஒன்றின் சாட்சியும் தனியாகப் போதாது. எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டினால்தான் அந்த இடத்தை அறுவை செய்து நீக்க மருத்துவர்கள் துணிவார்கள். முரண்பட்டால், மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி நேரடியாகப் பதிவு செய்வார்கள்.

நம்பிக்கை 5: மூளை அறுவை சிகிச்சை வெளிநாட்டு வைத்தியம். செய்தால் பேச்சும் நினைவும் போய்விடும்.

உண்மை: வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே வலிப்புக்கு அறுவை செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இதற்கென்றே தனித் திட்டம் நடக்கிறது. பேச்சும் கை அசைவும் எங்கே இருக்கின்றன என்று மூளையின் செயலைக் காட்டும் எம்.ஆர்.ஐ. மூலம் முன்கூட்டியே குறித்துக்கொள்கிறார்கள்.

டெல்லி எய்ம்ஸ் 116 குழந்தைகளிடம் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேர் வலிப்பின்றி இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 7 சதவீதம். அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவும் ஏற்பட்டது என்பதை மறைக்கக் கூடாது. இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நோயாளியின் உரிமை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய உறையையும், வலிப்பு வரும்போது கைபேசியில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். “இந்தப் படம் வலிப்புக்கென்று எடுத்ததா? வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடிவிட்டோமா?” என்று கேளுங்கள். இரண்டு மருந்துக்கும் அடங்காத வலிப்புள்ள எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.