முடிவெடுத்தவர் தூங்குவது எப்படி?

பதவி உயர்வு கிடைத்த அன்று சம்பளம் எவ்வளவு கூடியது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ராத்திரித் தூக்கம் எவ்வளவு குறையும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஷிப்ட் இன்சார்ஜ், பிளான்ட் மேனேஜர், எச்.ஆர். அதிகாரி என்று பதவியின் பெயர் எதுவாக இருந்தாலும், ஒருநாள் அந்தக் காகிதம் உங்கள் மேஜைக்கு வந்தே தீரும். ஒப்பந்தத் தொழிலாளர் இத்தனை பேரை இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும். பழுது என்று தெரிந்த மெஷினை இன்றிரவு ஓட்டுவதா, நிறுத்துவதா என்று சொல்ல வேண்டும். எப்படிக் கையெழுத்துப் போட்டாலும் யாரோ ஒருவர் வீட்டில் அடி விழும். படாளம் கூட்ரோட்டில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களில் சிலர் இன்னும் ஐந்தாறு வருடத்தில் அந்த நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். இது அவர்களுக்காக.

இப்படி முடிவெடுக்கும் வேலையிலேயே கனமானது போர்க்காலத்தில் நாட்டை நடத்துவது. போர் என்றதும் இந்தப் பக்கத்தில் சிலருக்குச் செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி நினைவுக்கு வரலாம். 1986 முதல் 1988 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர். ஆனால் தளபதிக்கும் மேலே ஒருவர் ‘சரி’ சொல்லியாக வேண்டும். 1971-இல் இந்திரா காந்தியிடம் தளபதி மானெக்ஷா ‘இப்போது முடியாது’ என்று சொன்ன கதையை மேலாண்மை வகுப்புகளில் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார்கள். அதை விட்டுவிடுவோம். நாம் பார்க்க வேண்டியவர் 1965 பாகிஸ்தான் போரில் ‘சரி’ சொன்ன பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. சுமையோடு வாழ அவர் பழகியது போர்முனையில் இல்லை. அதற்கு ஒன்பது வருடம் முன்னால், படாளம் வழியாகப் போகும் இதே ரயில் பாதையில்.

1956 நவம்பர் 22 இரவு தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் எழும்பூரிலிருந்து கிளம்பியது. அப்போது மீட்டர் கேஜ். செங்கல்பட்டு தாண்டி, படாளம், கருங்குழி, மதுராந்தகம் வழியாகத்தான் தெற்கே போயாக வேண்டும். மறுநாள் விடியும் நேரத்தில், மழை வெள்ளம் அரித்திருந்த மருதையாற்றுப் பாலத்தில், அரியலூருக்கு அருகே அந்த ரயில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் சாஸ்திரி. துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன், செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குப் போனவர். அழகேசனைக் குறிவைத்து தி.மு.க. கோஷம் எழுப்பியது.

அதே ஆண்டில் மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே சாஸ்திரி ராஜினாமா கொடுத்திருந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு இவர்தான் காரணம் என்பதால் ஏற்கவில்லை, ஆட்சி முறையில் இது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி இல்லை, அன்றிரவு ரயிலை ஓட்டியவரும் இல்லை. ஆனாலும் விசாரணைக் கமிட்டி வந்து சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. உங்கள் ஷிப்டில் ஒருவருக்குக் கை நசுங்கினால், நீங்கள் எழுதும் அறிக்கையின் முதல் வரி ‘அன்று பொறுப்பில் இருந்தது நான்’ என்று இருக்கட்டும். காண்ட்ராக்டர் ஆள் அனுப்பவில்லை, சென்சார் வேலை செய்யவில்லை என்பதெல்லாம் இரண்டாவது வரியிலிருந்து வரலாம். இது வெறும் நல்ல குணத்துக்காகச் சொல்வதில்லை. முதல் வரியிலேயே பழியைத் தள்ளிவிட்டவர் அந்தக் கதையை மாதக்கணக்கில் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டிங்கிலும் அதே கதையை அதே மாதிரி சொல்லியாக வேண்டும். தூக்கத்தைத் தின்பது பெரும்பாலும் அந்த வேலைதான்.

அதற்காக ஒவ்வொன்றுக்கும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவது கெட்ட பழக்கம். இரண்டாவது மூன்றாவது முறை அது மிரட்டலாகத்தான் தெரியும். தவிர, சில நாற்காலிகளிலிருந்து நடுவில் எழுந்து போக முடியாது. 1965-இல் சாஸ்திரி உட்கார்ந்திருந்தது அப்படிப்பட்ட நாற்காலி.

அந்த வருடம் அவருக்குத் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, சாவுகள். பிப்ரவரியில் அவருடைய அமைச்சரவையிலிருந்தே சி. சுப்பிரமணியமும் அதே ஓ.வி. அழகேசனும் ராஜினாமாவைக் கொடுத்தார்கள். சாஸ்திரி முதலில் அவற்றை ஏற்கச் சொல்லிக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கே அனுப்பிவிட்டார். ராதாகிருஷ்ணன் வேண்டாம் என்றார். பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். இருவரும் பதவியில் நீடித்தார்கள்.

எதிர்த்து நின்ற இருவரும் வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏழு மாதம் கழித்துப் போர் வந்தபோது அமெரிக்கக் கோதுமையை நம்ப முடியாத நிலை. உணவுத்துறை சி. சுப்பிரமணியத்தின் கையில் இருந்தது. டெல்லி பங்களாவின் புல்வெளியை உழுது புது ரகக் கோதுமையை விளைவித்துக் காட்டிய மனிதர் அவர். பிப்ரவரிச் சண்டையில் அவரைத் தொலைத்திருந்தால் செப்டம்பரில் அந்த இடத்தில் தலையாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

முடிவு தப்பாகப் போனபின் மனசை அறுப்பது நஷ்டக் கணக்கைவிட ‘அந்த ஆள் அன்றைக்கே சொன்னாரே’ என்கிற நினைப்புதான். அதனால் கையெழுத்துக்கு முன்னால், மறுத்துப் பேசுவார் என்று நீங்கள் பயப்படும் ஆளையே கூப்பிடுங்கள். மெயின்டனன்ஸ் பிட்டராக இருக்கலாம், யூனியன்காரராக இருக்கலாம். பத்து நிமிடம் பேசவிட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அவர் சொன்னபடி நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்காமல் விட்டதுதான் பிற்பாடு குத்தும்.

இனி போர். ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஊடுருவல். செப்டம்பர் 1 அன்று சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்குகள் நுழைந்தன. அன்று மாலையே பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் விமானப்படையை இறக்க அனுமதித்தார். காஷ்மீரில் மட்டும் தடுத்துக்கொண்டிருப்பதா, பஞ்சாபில் சர்வதேச எல்லையைத் தாண்டுவதா என்ற கேள்விக்குச் சாஸ்திரி சில நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. செப்டம்பர் 6 அன்று நம் படை லாகூரை நோக்கி எல்லையைக் கடந்தது.

சவாண் அந்த நாட்களில் டைரி எழுதினார். பின்னாளில் அது புத்தகமாகவும் வந்தது. இந்தப் பழக்கத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்கலாம். முடிவெடுத்த அன்றிரவே, அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எல்லோரும் ‘இது அப்பவே தெரிஞ்ச விஷயம்தானே’ என்பார்கள். மற்றவர்களை விடுங்கள், நீங்களே அப்படித்தான் நம்ப ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த ஒரு பக்கம்தான் அப்போது உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

சாஸ்திரி சறுக்கிய இடமும் உண்டு. போர் நிறுத்தத்துக்குச் சில நாள் முன்பு, இன்னும் கொஞ்ச நாள் தொடர்ந்தால் தீர்மானமான வெற்றி கிடைக்குமா என்று தளபதி ஜெ.என். சௌத்ரியிடம் கேட்டார். முன்னணி வெடிமருந்தில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. உண்மையில் செலவானது 14 சதவீதம்தான் என்று பாதுகாப்பு அமைச்சகம் தொகுத்த போர் வரலாறு சொல்கிறது. செப்டம்பர் 23 அதிகாலையில் போர் நின்றது. தொடர்ந்திருந்தால் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், எனக்கு நின்றதில் வருத்தமில்லை. ஆனால் நின்றதற்கான கணக்கு தப்பு.

‘ஸ்டாக் முடியப்போகுது சார்’ என்று யாராவது சொன்னால் ஸ்டோருக்கு நடந்து போய், சரக்கு இருப்பு எழுதும் ‘பின் கார்டை’ப் பாருங்கள். கண்ணில் படாத ஸ்டாக்கையும் கேளுங்கள். சர்க்கரை ஆலையில் அரவையை நிறுத்தலாமா என்று கேள்வி வரும்போது, யார்டில் நிற்கும் லாரி, டிராக்டர்களை எண்ணுவது சுலபம். கட்டிங் ஆர்டர் வாங்கி, வெட்டுக்கூலி கொடுத்து, லோடு ஏற்ற வண்டிக்குக் காத்து வயலிலேயே கிடக்கும் கரும்பு அந்த எண்ணிக்கையில் வராது. வெயிலில் அதன் எடை குறைந்துகொண்டே இருக்கும், குறைவதெல்லாம் விவசாயியின் பணம். முடிவெடுப்பவர் யார்டு ஜன்னலிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது.

அந்தப் போரில் இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 3,000 வீரர்கள் இறந்தார்கள். சாஸ்திரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். சியால்கோட் முனையில் டாங்குச் சண்டையில் உடல் கருகிக் கிடந்தவர் மேஜர் பூபிந்தர் சிங். பிரதமரைப் பார்த்ததும் அழுதார். வலியால் அழவில்லை. பிரதமர் வந்து நிற்கையில் எழுந்து சல்யூட் அடிக்க முடியவில்லையே என்றாராம். அக்டோபர் தொடக்கத்தில் அவர் இறந்துபோனார்.

நீங்கள் வேலையை விட்டு அனுப்பும் ஆளை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். மெயில் வேண்டாம், செக்யூரிட்டி மூலம் அடையாள அட்டையைப் பிடுங்குவது வேண்டவே வேண்டாம். போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். கடைசி வேலை நாள், நிலுவைச் சம்பளம் வரும் தேதி, பி.எஃப்., கிராஜுவிட்டி விவரம், யாரைக் கேட்க வேண்டும் என்ற போன் நம்பர். ‘எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு’ என்ற வசனத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வேலை போனவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை வரக்கூடாது. செலவைக் குறைக்கச் சொல்லும் முடிவாக இருந்தால் வெட்டு உங்கள் டிராவல் பில்லில் தொடங்கட்டும். வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டைக் கேட்பதற்கு முன் சாஸ்திரி தன் வீட்டில் செய்து பார்த்தார் என்பார்கள்.

இவ்வளவும் செய்தவர் நிம்மதியாக இருந்தாரா? இல்லை. 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ரத்தம் சிந்திப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுக்கும் கையெழுத்து அது. அன்றிரவு டெல்லி வீட்டுக்குப் போன் போட்டார். உடன் சென்றிருந்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் பிற்பாடு எழுதியபடி, மூத்த மகள் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். மனைவி போனுக்கு வரவில்லை. மறுநாள் காபூலுக்குப் பத்திரிகைகளை அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டு வைத்தார். நள்ளிரவு தாண்டி மாரடைப்பில் இறந்தார். ஏற்கெனவே மாரடைப்பு கண்ட உடம்பு. அந்தச் சாவைச் சுற்றி ஓடும் கதைகளுக்கு இங்கே வேலையில்லை.

கையெழுத்துப் போட்ட இரவில் வீட்டாரிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். வாட்ஸாப் குரூப்பையும் திறக்காதீர்கள். நடந்ததை வீட்டில் சொல்லலாம், சரியா தப்பா என்று கேட்பதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். டபுள் டூட்டி முடித்த கையோடு எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். பி.பி. பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தால் நாளைக்கே பார்த்துவிடுங்கள்.

தாஷ்கண்ட் காகிதத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. இரு படைகளும் 1965 ஆகஸ்ட் 5-க்கு முன்பிருந்த இடங்களுக்கு, 1966 பிப்ரவரி 25-க்குள் திரும்ப வேண்டும் என்று தேதி போட்டு எழுதியிருந்தது. கையெழுத்திட்டவர் சில மணி நேரத்தில் இல்லை. குல்சாரிலால் நந்தா தற்காலிகமாகப் பொறுப்பேற்றார், ஜனவரி 24 அன்று இந்திரா காந்தி பிரதமரானார். படைகள் சொன்ன தேதிக்குத் திரும்பின. உங்கள் லாக் புக்கும் அப்படி இருக்க வேண்டும். என்ன முடிவு, எந்தத் தேதிக்குள், யார் செய்ய வேண்டும், யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்ற விவரங்களோடு. அடுத்த ஷிப்ட்காரர் அதைப் படித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்குப் போன் போடாமல் வேலையைத் தொடர முடிந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.