கூன் முதுகும் மூச்சுத் திணறலும்

முதியோருக்கு மூச்சுத் திணறல் உண்டானால், அதை ஆஸ்துமா என்று கொள்வதே பெரும்பாலும் வழக்கம். ஆயினும் சிலரிடத்து அதன் காரணம் வளைந்த முதுகெலும்பாக இருத்தல் கூடும்.

மூச்சுக்குழல் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதைத் தாங்கும் 16 முதல் 20 வரையான குருத்தெலும்பு வளையங்கள் பின்புறம் திறந்தவை; அப்பக்கத்தில் மெல்லிய தசைச் சுவரே உண்டு. குழலுக்கு முன்னே மார்பெலும்பும் பெரிய இரத்தக் குழாய்களும், பின்னே உணவுக்குழலும் முதுகெலும்பும் அமைந்துள்ளன.

முதுகெலும்பு கூனிப் பக்கவாட்டிலும் முறுக்கிக்கொண்டால், இந்த இடைவெளி குறுகுகிறது. திரும்பிய முள்ளெலும்பு மூச்சுக்கிளைக்குழல் ஒன்றை அழுத்தலாம். வயதினால் விரிந்து நெளிந்த பெருந்தமனி, மூச்சுக்குழலை முதுகெலும்போடு சேர்த்து நெருக்கவும் கூடும். சீராக ஓடும் காற்றுக்குக் குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், தடை 16 மடங்காகிறது. ரப்பர்க் குழாயை முதலில் நேராகவும், பிறகு மடக்கியும் ஊதச் செய்து, ஆசிரியர்கள் இத்தடையை மாணவர்களுக்கு உணர்த்தலாம்.

இவ்வளைவு பல வழிகளில் நேர்கிறது. முதுமையில், சிறப்பாகப் பெண்களுக்கு, எலும்பு தேய்ந்து முள்ளெலும்புகள் நொறுங்குவதுண்டு. பெர்சிவல் பாட் 1779-இல் விவரித்த முதுகெலும்புக் காசநோய், இளமையில் குணமான பின்பும் கூனை விட்டுச் செல்லலாம். இளம்பிள்ளை வாதத்தால் தசை வலுவிழந்தோருக்கும் முதுகு கோணுவதுண்டு.

கூனுடையோர் பலருக்கு மார்புக்கூடு போதிய அளவு விரியாமையே திணறலுக்குக் காரணம். குழல் நெருக்குண்பது அதனினும் அரிது. எனினும் ஆஸ்துமா மருந்தால் இரைப்பு தணியாமை, நிலை மாறும்போது ஓசை மாறுதல், ஒரே பக்க நுரையீரலில் மீண்டும் மீண்டும் சளிக்காய்ச்சல் காணுதல் ஆகியவை ஐயத்திற்கு இடந்தரும். சி.டி. ஸ்கேனும் மூச்சுக்குழல் உள்நோக்கிச் சோதனையும் உண்மையைத் தெளிவாக்கும்.

களப்பணியாளர் நோயாளியின் சட்டையை அகற்றி, முதுகைப் பின்புறமும் பக்கவாட்டிலும் பார்த்தல் வேண்டும். கூன் உயரத்தைக் குறைத்துக் காட்டுமாதலால், மூச்சளவுச் சோதனைக்கு நீட்டிய இரு கைகளின் விரல்நுனிகளுக்கு இடைப்பட்ட அகலத்தை அளந்து குறித்தல் நன்று. திணறல் மிகுந்தவரை மல்லாந்து படுக்க வற்புறுத்தலாகாது. மருத்துவர் சொல்லாமல் தூக்க மருந்து கொடுத்தலும், முதுகை அழுத்தி நிமிர்த்த முயலுதலும் ஆபத்தானவை. இத்தகையோரைக் காலந்தாழ்த்தாமல் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.