நகராத காமிரா, ஒற்றைக் கண் அரக்கன்

அன்புள்ள வாசகருக்கு,

1911-ல் வந்த இத்தாலிய ‘ஒடிஸி’ மௌனப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காமிரா நட்டுவைத்த இடத்திலேயே நிற்கிறது, நடிகர்களின் முகம் சரியாகத் தெரியவில்லை, நடக்கப்போவதை எழுத்து அட்டையே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது என்கிறீர்கள். குறைகள் எல்லாம் நியாயம்தான். ஆனாலும் இன்னொரு முறை உட்காருங்கள்.

மிலானோ ஃபிலிம்ஸ் எடுத்த படம் அது. பெர்தோலினி, படோவன், டி லிகுவோரோ என இயக்குநர்கள் மூவர். ஒடிசியஸாக வருபவரும் டி லிகுவோரோவே. அதே ஆண்டு தாந்தேயின் நரகத்தையும் இவர்களே திரைக்குக் கொண்டுவந்தார்கள். சினிமாவைச் சந்தை வேடிக்கை என்று ஒதுக்கிய படித்தவர்களைக் கொட்டகைக்கு இழுக்க இத்தாலியத் தயாரிப்பாளர்கள் பிடித்த வழி இந்தக் காவியங்கள். பள்ளிக்கூடத்தில் ஹோமரைப் படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கதை அத்துபடி. அடுத்தது என்ன என்று அவர்கள் கேட்கவில்லை; எப்படிக் காட்டப்போகிறார்கள் பார்ப்போம் என்றுதான் டிக்கெட் வாங்கினார்கள். அட்டை முந்திச் சொல்வதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

ஆகவே நேராக ஒற்றைக் கண் அரக்கன் பாலிஃபீமஸின் குகைக்குப் போங்கள். 1905-ல் பிரான்சின் மெலியேஸ் இதே அரக்கனைத் தன் ஸ்டூடியோவுக்குள், தீட்டிய திரைச்சீலைகளுக்கு நடுவே காட்டியிருந்தார். மிலான்காரர்களுக்கு நிஜப் பாறையும் தண்ணீரும் வேண்டியிருந்தன. மனிதனைப் பக்கத்தில் நிறுத்தி அரக்கனைப் பெரிதாக்க அன்று கைவசமிருந்த வித்தை, ஒரே படச்சுருளில் இரண்டு முறை பதிவுசெய்வது. சட்டத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைத்துவிட்டு முதலில் ஓர் ஆளைப் பிடிப்பார்கள். பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, விட்ட பகுதியில் இன்னொருவரை வேறு தொலைவில் நிறுத்திப் பிடிப்பார்கள். இம்மி பிசகினாலும் மொத்தமும் வீண். பிசகியது தெரிவதோ சுருளைக் கழுவிய பிறகுதான்!

இன்னொன்று: கையால் சுழற்றிய காமிரா வினாடிக்கு ஏறக்குறைய 16 படம்தான் பிடிக்கும். அதை 24-ல் ஓட்டினால் மாவீரன்கூடக் கோமாளியாகிவிடுவான். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பிற்பாடு யாரோ ஒட்டிவைத்த இசையை அணைத்துவிட்டாலும் பாதகமில்லை. ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியின் அரண்மனைக் காட்சிகளில் மட்டும் நான் உங்கள் கட்சி. அத்தனை கையசைப்பு எனக்கும் ஆகாது.

நகரும் காமிராதான் வேண்டுமென்றால் பஸ்த்ரோனேயிடம் போங்கள். அதே 1911-ல் டூரினில் அவர் எடுத்த ‘ட்ராயின் வீழ்ச்சி’யில் மரக்குதிரை வருகிறது. ஆனால் அவர் காமிராவை வண்டியில் ஏற்றி மெல்ல நகர்த்தியது 1914-ல், ‘கபிரியா’வில்.

அன்புடன்,
உங்கள் சினிமா பக்கக்காரன்