ஓக் பட்டையில் ஒரு 'காது' தத்துப்பூச்சி

தத்துப்பூச்சி என்றதும் நம் மாணவர்கள் நெல்லில் துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியையே சொல்வார்கள். அதே சிக்காடெல்லிடே குடும்பத்தில், ஐரோப்பாவின் ஓக் காடுகளில் வாழும் இனம் லெட்ரா ஆரிட்டா. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது. 'ஆரிட்டா' என்றால் லத்தீனில் 'காதுள்ள' என்று பொருள். முன்மார்பின் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் இரு புடைப்புகளே முதல் அடையாளம். (அவை கேட்கும் காதுகள் அல்ல, மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.) நெல் தத்துப்பூச்சியின் நீளம் சுமார் 5 மி.மீ.; இதுவோ 13 முதல் 18 மி.மீ. வரை இருக்கும்.

லைக்கன் படர்ந்த மரப்பட்டையோடு இதன் நிறம் ஒன்றிவிடும். இளம்பூச்சி இன்னும் தட்டை. பட்டையோடு ஒட்டிப் படுத்தால் அருகில் நின்றாலும் தெரியாது. ஆகவே கிளைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, கம்பால் தட்டித் தேடுவதே பயன் தரும். வளர்ந்த பூச்சி இரவில் விளக்கொளிக்கும் வரும். ஆனால் விளக்கடியில் கிடைத்த பூச்சியைக் கொண்டு அதன் வாழிடத்தை முடிவுசெய்ய முடியாது. எந்த மரத்தில், எந்தப் பகுதியில் கிடைத்தது என்ற குறிப்பு, படத்தைவிட முக்கியம்.

துணியும் கம்பும் நம் பள்ளி வேம்புக்கும் போதும். விழுந்து தத்தும் பூச்சியின் பின்காலை உருப்பெருக்கியில் பார்க்கச் செய்யுங்கள். டிபியாவில் முட்கள் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் தத்துப்பூச்சி. ஒன்றிரண்டு தடித்த முட்கள் மட்டும் இருந்தால், அது எச்சில் போன்ற நுரைக்குள் வளரும் வேறு வகை.